இருபதுகள்னா எந்த இருபது?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல பழைய சாமான் கடை வச்சிருக்கேன், முப்பது வருஷமா இதே பொழப்புதான். சண்ட போட இந்த லெட்டர் எழுதல, ஆனா மனசுல கொஞ்சம் ஆதங்கம் இருக்கு, அத மொதல்லயே சொல்லிடுறேன்.

உங்க ஞாயிறு இணைப்புல எங்க செட்டிநாட்டு வீடுகளப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. படமெல்லாம் பிரமாதம். ஆனா மொத படத்துக்குக் கீழ "19-ஆம் நூற்றாண்டு மாளிகை"ன்னு இருக்கு, அதே படத்துல முகப்பு உச்சியில சுண்ணாம்புச் சுதையில 1912ன்னு கொட்டை எழுத்துல தெரியுது, கண்ணாடி போடாமலே படிக்கலாம். சரி போகட்டும்னு மேல படிச்சா நாலு பத்தி தள்ளி, வீட்டக் கட்டுனவரோட மகனப் பத்தி "இவர் இருபதுகளில் பர்மா சென்று தொழிலைப் பெருக்கினார்"னு ஒரு வரி. இந்த ஒரு வரிய வச்சு எங்க கடையில ரெண்டு நாளு பஞ்சாயத்து நடந்துச்சுங்க.

கடைப் பையன் சொல்றான், இருபது வயசுக்கு மேல போயிருக்காருன்னு. பக்கத்துக் கடை அண்ணன் சொல்றாரு, அட இல்லப்பா 1920லேர்ந்து முப்பதுக்குள்ள போயிருக்காருன்னு. பழைய பித்தளை விளக்கு பாக்க வந்த காலேஜ் பொண்ணு ஒண்ணு, "2020க்கு மேலயா, அங்க இப்ப மிலிட்டரி ஆட்சில்ல நடக்குது, அங்க போயி என்ன தொழில் பெருக்குனாரு"ன்னு கேட்டுச்சு, கிண்டலுக்குத்தான். ஆனா மூணு பேர் சொல்றதுலயும் தப்பு இல்ல பாருங்க, இருபதுகள்ங்கற வார்த்தை மூணுக்கும் எடம் குடுக்குது. கட்டுரைய எழுதுனவருக்கு எந்த இருபதுன்னு தெரிஞ்சிருக்கும், எங்களுக்கு கடைசி வரைக்கும் தெரியல.

இதுல எனக்கு என்ன இம்புட்டு அக்கறைன்னு கேப்பீங்க. எங்க தொழில்ல சாமானுக்கு வெல கெடையாது, அது எந்தக் காலத்து சாமான்ங்கறதுக்குத்தான் வெல. ஒரு எனாமல் தூக்குவாளிய திருப்பிப் பாத்தா அடியில செக்கோஸ்லோவாக்கியான்னு முத்திரை இருக்கும், அந்த நாடே 1918லதான் உருவாச்சு, அதனால அதுக்கு முந்தி அந்த வாளி இருந்திருக்க முடியாது, அவ்வளவுதான் கணக்கு முடிஞ்சுச்சு. பீங்கான் சாமான்ல ஆக்குபைடு ஜப்பான்னு போட்டிருந்தா இன்னும் சொகம், சண்டையில தோத்து அமெரிக்காக்காரன் கையில ஜப்பான் இருந்த காலம், 1952 ஏப்ரல்ல அது முடிஞ்சு போச்சு. காசுல நயா பைசான்னு இருந்தா 1957லேர்ந்து 64க்குள்ள. சாமான் இவ்வளவு ஒழுங்கா பேசுது, மனுசன் எழுதுற எழுத்துதான் மொணமொணன்னு பேசுது.

இன்னொண்ணு கவனிச்சிருக்கீங்களா, நாங்க யாரும் வாயால "எண்பதுகளில்"னு சொல்றதே இல்ல. முப்பது வருஷமா நூத்துக்கணக்கான வீட்டுக்குப் போயி சாமான் வாங்கியிருக்கேன், ஒரு ஆச்சி கூட "அறுபதுகளில் வாங்கியது தம்பி"ன்னு சொன்னதில்ல. "அறுபது அறுபத்தி ரெண்டு வாக்குல வாங்குனது"ன்னு சொல்லுவாக. இந்த வாக்குலங்கறது இருக்கே, அதுல ரெண்டு வருஷம் முன்ன பின்ன எல்லாம் அடங்கிரும். இல்லாட்டி பக்கத்துப் பக்கத்து நம்பரா ரெண்டு சொல்லுவாக, அம்பது அம்பத்தஞ்சுல, எழுவது எழுவத்தஞ்சுக்குள்ளன்னு. பத்து வருஷத்த மொத்தமா கட்டி அதுக்கு ஒரு பேரு வைக்கிற பழக்கம் நம்ம பேச்சுல இருந்த மாதிரி எனக்குத் தெரியல, இந்த -கள் எல்லாம் இங்கிலீஷ்ல ட்வென்டீஸ் தர்ட்டீஸ்னு சொல்றத பாத்து பேப்பர்லயும் மேடையிலயும் வந்ததுதான்னு நெனைக்கிறேன். வயசுக்கும் அப்படித்தான், "இருபதுகளில் இருக்கும் பெண்"ணுன்னு எழுதுறீங்க, எங்க வீட்டுல பொண்ணு கேட்டு வந்தா "இருபத்தி மூணு முடிஞ்சு இருபத்தி நாலு நடக்குது"ன்னுதான் சொல்லுவோம்.

இன்னும் பழைய ஆளுகன்னா நம்பரே வேணாம், நடந்ததுதான் கணக்கு. எமர்ஜென்சி டைம்ல, எம்ஜிஆர் ஆட்சியில, தனுஷ்கோடி புயலுக்கு மறு வருஷம், ராம்நாட் ஜில்லாவா இருந்தப்ப. (நாங்க ராமநாதபுரத்துலேர்ந்து தனி மாவட்டமா பிரிஞ்சது 1985ல, இன்னும் சில பேரு ராம்நாட்னுதான் சொல்றாக.) எங்க பக்கம் இதுல எல்லாத்துக்கும் பெரிய எல்லைக்கல்லு எதுன்னா ஜப்பான்காரன் ரங்கூன்ல குண்டு போட்டது, 1941 டிசம்பர். அதுக்கு முன்ன, அதுக்குப் பின்ன, அப்படித்தான் வீட்டு வரலாறே ரெண்டா பிரியும். இந்தத் தேக்குத் தூணு எப்ப வந்துச்சு ஆச்சின்னு கேட்டா "குண்டு போடுறதுக்கு முன்ன"ம்பாக. அந்த ஒரு பதில் போதும், அதுக்குமேல வருஷம் கேட்டா கேக்குறவன்தான் மக்கு.

ரெண்டாயிரத்துக்கு அப்புறம்தான் சிக்கல். 1996ஐ "தொண்ணூத்தாறு"ன்னு சுருக்கிருவோம், 1977ஐ "எழுவத்தேழு"ன்னு சுருக்கிருவோம், ஆனா 2004ஐ "நாலு"ன்னு யாராச்சும் சொல்றோமா? "நாலுல கல்யாணம் ஆச்சு"ன்னா நாலு வயசுலயா, நாலு மணிக்கான்னு கேப்பாங்க. அதனால "ரெண்டாயிரத்தி நாலு"ன்னு முழுசா இழுக்க வேண்டியிருக்கு, இல்லன்னா சுனாமி வருஷம்னு சொல்லணும். பத்துக்கு மேல வந்தவொடன திரும்பவும் நாக்குக்கு விடுதலை, "பதினஞ்சுல வீடு கட்டுனேன், பத்தொம்போதுல வித்துட்டேன்"னு சொல்றோம், அதுக்கடுத்து கொரோனா டைம், அதுக்கு நம்பரே தேவைப்படல. ஆக 2000லேர்ந்து 2009 வரைக்கும் உள்ள பத்து வருஷத்துக்கு நம்ம வாயில பேரே இல்ல. இங்கிலீஷ்காரனுக்கும் இதே தலைவலிதான், லண்டன் பக்கம் நாட்டீஸ்ங்கறான், அமெரிக்காவுல ஆட்ஸ்ங்கறான், ரெண்டும் ஊர் முழுக்க ஒட்டல. ஆனா எங்க ஐயா காலத்துல இந்தப் பிரச்சினை இல்ல பாருங்க, அவுக 1908ஐ "தொள்ளாயிரத்தி எட்டு"ன்னு சொல்லுவாக, ஆயிரத்த வெட்டிட்டு நூற வச்சுக்கிட்டாக. நமக்கு 2008ல நூறு எடத்துல முட்டைல்ல இருக்கு, எத வச்சுக்குறது?

இந்தக் கூத்துல 90ஸ் கிட்ஸ், 2கே கிட்ஸ்னு ஒண்ணு வந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா 90ஸ் கிட்ஸ்னா தொண்ணூறுல பொறந்தவனா, தொண்ணூறுல புள்ளையா இருந்தவனா? என் மச்சான் பொறந்தது 86, பம்பரம், சக்திமான், வாடகை சைக்கிள்னு தொண்ணூறு பூரா தெருவுல கெடந்தவன் அவன்தான். என் அக்கா மகன் பொறந்தது 99 நவம்பர், அவனும் 90ஸ் கிட்னு ஸ்டேட்டஸ் போடுறான், தொண்ணூறுல அவன் பாத்தது ஒரு மாசம்தான், அதுலயும் பாதி நேரம் தூளியில. 2கே இன்னும் மோசம். 2கேன்னா ரெண்டாயிரம்னு அர்த்தம், ஒய்2கேன்னு கம்ப்யூட்டர் தேதியில கோளாறு வரப்போகுதுன்னு 1999 கடைசியில எல்லாரும் பயந்து கெடந்தோமே, அதுலேர்ந்து வந்த வார்த்தை. இப்ப 2012ல பொறந்ததும் 2கே கிட்டாம். இப்படியே விட்டா 2999ல பொறக்குறதும் 2கே கிட்டுதான்.

இப்ப அந்த 19-ஆம் நூற்றாண்டுக்கு வர்றேன். 1912ன்னு பாத்தவொடன 19ன்னு கண்ணுல படுது, அதனால 19-ஆம் நூற்றாண்டுன்னு கை எழுதிருது. உங்க ஆளுக மட்டும் இல்ல, டூரிஸ்டுகள கூட்டிட்டு வர்ற பசங்க நெறைய பேரு இப்படித்தான் சொல்லுவாங்க. இத ஸ்கூல்ல எப்படி சொல்லிக்குடுத்தாலும் மறந்துருது, ஆனா வயசு சொல்ற மாதிரி சொன்னா மறக்காது. பத்தொம்போது முடிஞ்சு இருபது நடக்குது. அவ்வளவுதான். 1912ங்கறது பத்தொம்போது நூறு முடிஞ்சு இருபதாவது நூறு நடக்குற காலம். இத நான் கடைப் பையனுக்கு சொன்னேன், ஒரே நிமிஷத்துல புரிஞ்சிருச்சு, ஏன்னா அவன் தங்கச்சி ஜாதகத்த கையில வச்சுக்கிட்டு மாப்ள தேடிட்டு இருக்கான்.

ஒரு சின்ன இடைஞ்சல் மட்டும் இருக்கு. கி.மு. 1க்கு அடுத்த வருஷம் நேரா கி.பி. 1, நடுவுல பூஜ்யம்னு ஒரு வருஷம் கெடையாது. அதனால மொத நூறு 1லேர்ந்து 100 வரைக்கும், இருபதாவது நூறு 1901லேர்ந்து 2000 வரைக்கும். அப்ப 1999 டிசம்பர் 31 ராத்திரி நாம வெடிச்ச வெடி ஒரு வருஷம் முன்கூட்டியே வெடிச்சது. அன்னைக்கும் சில பேரு சொன்னாங்க, கேக்குற மூடுல யாரும் இல்ல. எங்க பக்கத்துக்கு இதுல ஒரு நல்ல உதாரணம் இருக்கு, மருது சகோதரர்கள திருப்பத்தூர்ல தூக்குல போட்டது 1801 அக்டோபர் 24. அது 18-ஆம் நூற்றாண்டு இல்ல, 19-ஆம் நூற்றாண்டோட மொத வருஷம். ஆனா பத்து வருஷக் கணக்குக்கு இந்த ரூல் ஒத்து வராது, 90ஸ்னா 1990லேர்ந்து 99 வரைக்கும், ஏன்னா அங்க எண்ணிக்கை பாக்கல, நம்பர்ல இருக்குற தொண்ணூறத்தான் பாக்குறோம். ஒரே நாக்கு, ரெண்டு சட்டம்.

அதோட நூற்றாண்டுங்கற வார்த்தைக்கே நம்ம ஊர்ல ரெண்டு வேல. நூற்றாண்டு விழான்னா நூறாவது வருஷ விழா. நூற்றாண்டுன்னா நூறு வருஷ காலம். "நூற்றாண்டு வீடு"ன்னு போர்டு வச்சா எதுன்னு எடுத்துக்குறது? எங்க தெருவுல இதுக்கு கிரிக்கெட் வந்து கை குடுத்துருச்சு, நூறு தாண்டுன வீட்ட "செஞ்சுரி போட்ட வீடு"ங்கறோம். 1912 வீடு செஞ்சுரி போட்டு இன்னும் அவுட் ஆகாம நிக்குது, பக்கத்து வீடு தொண்ணூத்தி எட்டுல போச்சு, நிலை கதவ நான்தான் எடுத்தேன்.

உள்ளபடி பாத்தா இந்த நூறே நம்ம கணக்கு இல்லைங்க. நம்ம கணக்கு அறுபது. பிரபவலேர்ந்து அட்சய வரைக்கும் அறுபது பேரு, சுத்தி முடிஞ்சா திரும்ப மொதல்லேர்ந்து. பொறந்த வருஷத்து பேரு திரும்ப வந்தா அறுபதாங்கல்யாணம், செட்டியார் வீடுகள்ல அத சாந்தின்னு சொல்லுவாக. அந்த 1912 வீட்டுலயே உள்ள ஒரு கல்லு இருக்கு, அதுல "விரோதிகிருது ௵ தை ௴"னு வெட்டியிருக்கு. ௵ன்னா வருஷம், ௴ன்னா மாசம், இந்தக் குறியெல்லாம் இப்ப பசங்களுக்கு தெரியறதில்ல. விரோதிகிருது பொறந்தது 1911 ஏப்ரல்ல, அதோட தை மாசம் வர்றது 1912 ஜனவரியில, முகப்பும் கல்லும் ஒண்ணுக்கொண்ணு கச்சிதமா ஒத்துப் போகுது. கட்டுனவுக ரெண்டு கணக்குலயும் எழுதி வச்சுட்டுப் போயிருக்காக, நாமதான் ஒண்ணக்கூட சரியா படிக்க மாட்டேங்குறோம்.

அறுபதுலயும் வம்பு இல்லாம இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்ன ஒரு வீட்டுலேர்ந்து பேரேடு ஒண்ணு வந்துச்சு, "ஆனந்த ௵ ஆவணி ௴"னு தொடங்குது. ஆனந்த வருஷம் 1914ம் வரும், 1974ம் வரும். வித்தவருக்கும் தெரியல, கேட்டா "ரொம்பப் பழசுங்க"ங்கறாரு, அது எல்லாரும் சொல்றதுதானே. நான் உள்ள பொரட்டிப் பாத்தேன், ரூபா, அணா, பைன்னு மூணு பத்தியா கணக்கு. 1957 ஏப்ரலோட அந்தக் கணக்கு ஒழிஞ்சு நூறு காசு ஒரு ரூபான்னு ஆயிருச்சு, அதனால 1974ங்கறது அடிபட்டுப் போச்சு, 1914தான். எம்டன் கப்பல் மெட்ராஸ்ல குண்டு போட்ட வருஷம். அதே மாதிரி தாது வருஷப் பஞ்சம்னு சொல்றோம், அது 1876ல, அதுக்கப்புறம் 1936ம் தாது, 1996ம் தாது, ஆனா பஞ்சம்ங்கற வார்த்த ஒட்டியிருக்கறதனால யாருக்கும் கொழப்பம் வர்றதில்ல. பேரோட ஒரு சம்பவம் சேந்தாத்தான் காலம் நிக்குது.

அறுபது போக பன்னெண்டும் இருக்கு. பாத்து ரொம்ப நாளாச்சுன்னா "ஒரு மாமாங்கமாச்சு"ங்கறோம், கும்பகோணம் மாமாங்கம் 1992, 2004, 2016, அடுத்தது 2028. பழமொழியில முப்பது, "முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்ல, முப்பது வருஷம் தாழ்ந்தவனும் இல்ல"ன்னு. பர்மாவுல கொடிகட்டிப் பறந்து, 1930க்கு மேல நெல்லு வெல விழுந்து, கடன் வாங்குனவுக நெலமெல்லாம் கையில வந்து சேந்து, கீழ் பர்மாவுல நெல்லு வெளையற பூமியில கால் பங்கு வச்சிருந்து, அப்புறம் சண்டை வந்து எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவுக ஊரு இது, எங்களுக்கு அந்தப் பழமொழி கொஞ்சம் கூடுதலாவே உறைக்கும். தாலுகா ஆபீஸ் போனா பசலின்னு வேற ஒண்ணு, ஜூலை 1ல பொறக்குது, 590 கூட்டுனா இங்கிலீஷ் வருஷம் வரும். கவர்மென்ட் லெட்டர்ல திருவள்ளுவர் ஆண்டு, அதுல 31 கழிக்கணும். இத்தனையும் வச்சுக்கிட்டு ஒரு பத்து வருஷத்துக்கு பேரு சொல்லத் தெரியாம நிக்கிறோம்.

பேரு இல்லாமலும் இல்ல, தசாப்தம்னு ஒண்ணு இருக்கு. இலங்கைத் தமிழ்ல சாதாரணமா வர்ற வார்த்தை. கனடாவுலேர்ந்து ஒரு யாழ்ப்பாணத்து அம்மா கடைக்கு வந்தாங்க, மரவை சாமானப் பாத்துட்டு "இதைப்போல ரெண்டு தசாப்தத்துக்கு முதல் எங்கட வீட்டில இருந்தது"ன்னாங்க. எங்க கடைப் பையன் ரொம்ப அக்கறையா "என்ன தசைங்கம்மா, சனி தசையா?"ன்னு கேட்டுட்டான். அந்தம்மா சிரிச்சு முடிக்க அஞ்சு நிமிஷம் ஆச்சு, சாமானும் பேரம் பேசாம வாங்கிட்டாங்க. நல்ல வார்த்தைதான், ஆனா எங்க ஊர்ல தச-ன்னு ஆரம்பிச்சாலே ஜோசியர் நெனப்புதான் வருது. பத்தாண்டுன்னு நீங்க எழுதுறீங்க, அது பரவால்ல, ஆனா "கடந்த பத்தாண்டில்"னா இன்னையிலேர்ந்து பின்னால பத்து வருஷமா, 2010லேர்ந்து 19 வரைக்குமான்னு அங்கயும் ஒரு முடிச்சு.

அதனால நான் கேக்குறது ஒண்ணுதான். அழகான புது வார்த்தை ஒண்ணும் வேணாம், வருஷத்த நம்பரா போட்டுருங்க. "1923-ல் பர்மா சென்றார்"னு போடுங்க, வருஷம் தெரியலன்னா "1920-க்கும் 1930-க்கும் இடையில்"னு போடுங்க, வயசுன்னா வயசுன்னு சொல்லிடுங்க. நாலு எழுத்து கூட ஆகும், ஆகட்டுமே. ஏன் இப்ப அவசரம்னா, முன்ன எல்லாம் இருபதுகள்னா 1920தான்னு விட்டுறலாம், வேற இருபது கெடையாது. இப்ப நாம இருக்குறதே ஒரு இருபதுலதான், அதுக்கப்புறம் முப்பது வரும், "முப்பதுகளில் பர்மாவில் நெருக்கடி"ன்னு எழுதுனா எந்த நெருக்கடின்னு எங்க பேரப்புள்ளைக எங்ககிட்ட வந்து நிக்கும். பழைய புஸ்தகத்துல "இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்"னு படிச்சுட்டு ஒரு பையன் ஆத்தங்குடி டைல்ஸ் 2000ல வந்துச்சான்னு என்கிட்ட கேட்டுட்டான், புஸ்தகம் அச்சடிச்சது 1950 வாக்குல. அத எழுதுனவர குத்தம் சொல்ல முடியாது, அவருக்கு அதுதானே இந்த நூற்றாண்டு.

கடைசியா ஒண்ணு. உங்க கட்டுரைய அந்த 1912 வீட்டுக்காரவுக பாத்துட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாக, சென்னையிலேர்ந்து போன் பண்ணி, அந்தப் பக்கத்த கண்ணாடி ஃப்ரேம் போட்டு முகப்புல மாட்டணும்னு என்கிட்டயே ஆர்டர் குடுத்துருக்காக. பேப்பரு கடையிலதான் இருக்கு. மவுண்ட் வெட்டுறப்ப படத்துக்குக் கீழ ஒரு வரி மறையற மாதிரி வெட்டச் சொல்லியிருக்கேன். திருத்தம் போட்டீங்கன்னா சொல்லுங்க, அதுவரைக்கும் ஃப்ரேம ஒட்டாம வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
பழைய சாமான் கடைக்காரன்,
காரைக்குடி